கரு கலைந்த வீட்டில் நம் கடமை என்ன?

அல்லாஹ்வின் திருப்பெயரால்...

நம் மஹல்லாவில் ஒரு மவுத் நிகழ்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சிறுவர்களுக்கும் தெரியும். பள்ளிவாசலில் அறிவிப்பு வரும். உறவினர்கள் கூடுவார்கள். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து சாப்பாடு போகும். ஆனால் வயிற்றில் இருந்த கரு கலைந்துவிட்டால் அந்த வீட்டுக்கு அறிவிப்பும் இல்லை, ஆறுதலும் இல்லை. பல வீடுகளில் பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல் மறைக்கிறார்கள். தெரிந்து வருகிறவர்களில் சிலர், வராமலே இருந்திருக்கலாம் என்று நினைக்கும்படி ஏதாவது சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இதற்கிடையில் டாக்டர் ஒரு கேள்வி கேட்டிருப்பார். "தானாக வெளியேறக் காத்திருக்கிறீர்களா, மாத்திரை தரட்டுமா, அல்லது டி.என்.சி. செய்துவிடலாமா?" குடும்பம் திகைத்து நிற்கிறது. "மாத்திரை போட்டால் கருக்கலைப்புச் செய்த பாவம் வருமா ஹஜ்ரத்?" என்று நம்மிடம் கேட்கிறார்கள். மார்க்கம் தெரிந்தவர்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி எழுகிறது. எனவே மார்க்கச் சட்டத்தையும் மருத்துவ விவரத்தையும் சேர்த்தே இங்கே பார்ப்போம்.

யார் மீது குற்றம்?

முதலில் இதற்கு விடை சொல்லியாக வேண்டும். ஏனென்றால் கரு கலைந்த பெண் தன்னிடமே ஓயாமல் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்.

கர்ப்பம் என்று உறுதியான பெண்களில் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது பேருக்குக் கரு கலைகிறது. பெரும்பாலும் முதல் 12 வாரங்களுக்குள் நிகழ்கிறது. அப்படிக் கலைபவற்றில் ஏறத்தாழப் பாதி, கரு உருவாகும்போதே அதன் குரோமோசோம்களில் ஏற்பட்ட பிழையால் நிகழ்பவை. அந்தக் கரு வளரக்கூடிய நிலையிலேயே இருந்திருக்காது. மாடிப்படி ஏறியது, ஸ்கூட்டியில் போனது, சமையல் செய்தது, ஒரு துண்டு பப்பாளி சாப்பிட்டது, ஒருநாள் அழுதது ஆகியவை இதற்குக் காரணம் அல்ல. ஆனால் நம் வீடுகளில் விசாரணை இங்கிருந்துதான் தொடங்குகிறது. "நான் அன்றைக்கே சொன்னேன், கேட்டியா?" என்ற ஒரு வார்த்தை அந்தப் பெண்ணின் மனதில் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

கிரகண நேரத்தில் வெளியே வந்ததுதான் காரணம் என்று சொல்பவர்களும் நம்மிடையே உண்டு. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் (ரலி) ஏறக்குறைய ஒன்றரை வயதில் இறந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. இப்ராஹீம் இறந்ததால்தான் கிரகணம் பிடித்தது என்று மக்கள் பேசினார்கள். நபியவர்கள் அதை உடனே மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், யாருடைய பிறப்புக்கோ இறப்புக்கோ அவற்றுக்குக் கிரகணம் ஏற்படுவதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். சொந்த மகனை இழந்த துக்க நாளிலும் மூடநம்பிக்கைக்கு இடம் தராத நபியின் உம்மத்தினர் நாம். ஒரு மருமகளின் துக்க நாளில் அதே மூடநம்பிக்கையை அவள் தலையில் கட்டலாமா?

ரிப்போர்ட்டில் உள்ள அந்தச் சொல்

நம் பேச்சுவழக்கில் "அபார்ஷன்" என்றால் வேண்டுமென்றே கருவைக் கலைப்பது. மருத்துவத்தில் அப்படி அல்ல. தானாகக் கரு கலைவதையும் மருத்துவர்கள் அபார்ஷன் என்றே எழுதுவார்கள். இதயத் துடிப்பு நின்றும் கரு உள்ளேயே தங்கியிருந்தால் "மிஸ்டு அபார்ஷன்". கொஞ்சம் வெளியேறி மீதி உள்ளே இருந்தால் "இன்கம்ப்ளீட் அபார்ஷன்". ஸ்கேன் ரிப்போர்ட்டில் இந்த வார்த்தையைப் படித்துவிட்டு, பெண் ஏதோ மறைத்துச் செய்துவிட்டாள் என்று சந்தேகப்பட்டால் அது பெரிய அநியாயம். ரிப்போர்ட் புரியவில்லை என்றால் டாக்டரிடம் விளக்கம் கேளுங்கள். வீட்டில் வைத்துப் பொருள் சொல்ல வேண்டாம்.

முதலில் உறுதி, பிறகு சிகிச்சை

உறுதியாகத் தெரிந்த ஒன்றைச் சந்தேகத்தால் நீக்கக் கூடாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. கரு உயிருடன் இருக்கிறது என்பதே நம் முதல் நிலை. அது இறந்துவிட்டது என்று உறுதியான பிறகே வெளியேற்றுவது பற்றிய பேச்சு வர வேண்டும்.

மருத்துவமும் இதையே சொல்கிறது. உள்வழியாகச் செய்யும் ஸ்கேனில் கருவின் நீளம் 7 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தும் துடிப்பு இல்லையென்றால், அல்லது கருப்பை 25 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தும் அதனுள் கரு இல்லையென்றால் கர்ப்பம் நிலைக்கவில்லை என்று முடிவு செய்கிறார்கள். இங்கே கருப்பை என்பது கருவைச் சுற்றியுள்ள நீர்ப்பையைக் குறிக்கும். அளவு இதைவிடக் குறைவாக இருந்தால் நாள் கணக்கு தவறியிருக்க வாய்ப்பு உண்டு. அதனால் ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்ப்பார்கள். "இன்னொரு முறை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா டாக்டர்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. மார்க்கம் கேட்கும் எச்சரிக்கையும் அதுதான்.

இறந்தது உறுதியான பிறகு அதை வெளியேற்றுவது கொலை அல்ல. மார்க்கம் தடுத்த கருக்கலைப்பும் அல்ல. உயிர் இல்லாததை எடுப்பதில் உயிரைப் பறித்தல் எங்கே இருக்கிறது? மாத்திரை மூலம் எடுத்தாலும் கருவி மூலம் எடுத்தாலும் சட்டம் ஒன்றே. அது உள்ளே தங்குவதால் தாயின் உயிருக்கு ஆபத்து என்றால், எடுப்பது அனுமதி என்பதைத் தாண்டிக் கடமையாகவே ஆகிவிடும்.

மூன்று வழிகள்

முதல் வழி, காத்திருப்பது. உடல் தானாகவே வெளியேற்றட்டும் என்று ஓரிரு வாரங்கள் விட்டுவிடுவது. மருந்து இல்லை, மயக்க ஊசி இல்லை. ஆனால் எந்த நாளில், எந்த நேரத்தில் என்று தெரியாது. வலியும் கட்டிகட்டியான இரத்தப்போக்கும் வீட்டிலேயே நிகழும். முழுவதும் வெளியேறாமல் கடைசியில் மாத்திரையோ டி.என்.சி.யோ தேவைப்படவும் கூடும். காய்ச்சல், தொற்று, அதிக இரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும் இரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவர்களுக்கும் இந்த வழி பொருந்தாது.

இரண்டாவது வழி, மாத்திரை. மிசோபிரோஸ்டால் என்ற மருந்து கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்து வெளியேற்றும். மிஸ்டு அபார்ஷனில் அதற்கு முன் மிஃபெப்ரிஸ்டோன் என்ற மாத்திரையும் தருவது உண்டு. 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரண்டையும் பெற்றவர்களில் நூற்றுக்கு 84 பேருக்கு முதல் பரிசோதனைக்குள்ளாகவே முழுவதும் வெளியேறியிருந்தது. மிசோபிரோஸ்டால் மட்டும் பெற்றவர்களில் இது 67 பேர். சில மணி நேரத்தில் மாதவிலக்கை விடக் கடுமையான வலியும் இரத்தப்போக்கும் வரும். குளிர் நடுக்கம், வயிற்றுப்போக்கு வரலாம். வலி மாத்திரையை முன்பே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தெரிந்த மெடிக்கல் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிப் போடுவது மிகவும் ஆபத்து. கரு குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதைத் தீர்க்காது. குழாய் வெடித்துத் தாயின் உயிரே போகலாம்.

மூன்றாவது வழி, கருவி மூலம் சுத்தம் செய்வது. எல்லாவற்றையும் நாம் டி.என்.சி. என்கிறோம். ஆனால் உறிஞ்சி எடுக்கும் முறை வேறு, சுரண்டி எடுக்கும் பழைய முறை வேறு. உறிஞ்சும் முறையையே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. எந்த முறை என்று டாக்டரிடம் கேட்கலாம். சில நிமிடங்களில் முடியும், பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். மயக்க மருந்தின் சிரமமும், கர்ப்பப்பையில் காயம் ஏற்படும் சிறிய ஆபத்தும் இதில் உண்டு.

2006-இல் பிரிட்டனில் 1,200 பெண்களிடம் இந்த மூன்று வழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தொற்று ஏற்பட்டது எந்த வழியிலும் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேருக்குத்தான். ஆனால் திடீரென ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நிலை காத்திருந்தவர்களுக்கே அதிகம் வந்தது. ஆக, உடல்நிலை சீராக உள்ள பெண்ணுக்கு மூன்றுமே ஏற்கத்தக்க வழிகள்.

முடிவு யாருடையது?

மூன்றும் ஏற்கத்தக்கவை என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? வலியைத் தாங்கப் போகிறவள் எதைத் தாங்க முடியும் என்கிறாளோ அதை. ஒரு பெண்ணுக்கு மயக்க ஊசி என்றால் பயம், வீட்டிலேயே நடக்கட்டும் என்பாள். இன்னொரு பெண்ணுக்கு, இறந்த கருவைச் சுமந்துகொண்டு ஒரு நாள்கூட இருக்க முடியாது, இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்று தோன்றும். வீட்டில் சின்னப் பிள்ளைகள், ஒரே ஒரு கழிப்பறை, ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரப் பயணம் என்ற நிலையில் காத்திருப்பது சிரமம். இவை எல்லாம் நியாயமான காரணங்களே.

குழந்தைக்குப் பால் மறக்கடிப்பதைக்கூடக் கணவன் மனைவி இருவரும் மனமொத்து, கலந்து பேசிச் செய்யச் சொல்கிறது குர்ஆன். பால்குடி விஷயத்திலேயே தாயின் சம்மதம் வேண்டும் என்றால், அவளுடைய கர்ப்பப்பையைப் பற்றிய முடிவைக் கணவனும் மாமியாரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று தீர்மானிப்பது எப்படிச் சரியாகும்? டாக்டர் சொல்வதைக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து கேட்க வேண்டும். அவசரம் இல்லை என்று டாக்டர் சொன்னால் ஒருநாள் அவகாசம் எடுத்து, இருவரும் பேசி, இஸ்திகாரா செய்து முடிவெடுக்கலாம். பெண் டாக்டரைத் தேடுவது நல்லது. அவர் கிடைக்காத அவசரத்தில் ஆண் டாக்டரிடம் காட்டுவதில் குற்றமில்லை.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இவற்றை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் முழுவதும் நனைந்தால், மயக்கம் வந்தால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால், துர்நாற்றத்துடன் வெள்ளைப்பட்டால், வயிற்றின் ஒரு பக்கத்திலோ தோள்பட்டை நுனியிலோ கடும் வலி இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் 108-ஐ அழைக்கலாம். கணவர் வெளிநாட்டில் இருக்கிறார், அவரிடம் கேட்டுச் சொல்கிறோம் என்று காத்திருக்கக் கூடாது. பெண்ணின் இரத்த வகை நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி தேவையா என்று மறக்காமல் கேளுங்கள். அடுத்த கர்ப்பத்துக்கு அது முக்கியம்.

தொழுகையும் குளிப்பும்

கரு வெளியேறிய பின் வரும் இரத்தம் நிஃபாஸா என்பதில் நம் ஊர்களில் உள்ள இரு மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு.

ஷாஃபி மத்ஹபில், வெளியேறியது இரத்தக்கட்டியாகவோ சதைக்கட்டியாகவோ இருந்தாலும் அது மனிதக் கரு என்று அறிந்தவர்கள் சொன்னால், அதன் பின் வரும் இரத்தம் நிஃபாஸ். கரு வெளியேறியதற்காகக் குளிப்பும் கடமை. ஹனஃபி மத்ஹபில் கை, விரல், நகம், முடி போன்ற ஏதேனும் உறுப்பு உருவாகியிருந்தால்தான் நிஃபாஸ். உருவாகவில்லை என்றால், இரத்தம் குறைந்தது மூன்று நாள் நீடித்து, அதற்கு முன் 15 நாள் சுத்தமாக இருந்திருந்தால் அது ஹைள். இல்லையேல் இஸ்திஹாளா, தொழுகையை விடக் கூடாது. கரு வெளியேறும் முன்பே வரும் இரத்தத்தின் சட்டம் தனி. ஆகவே எத்தனை வாரம், என்ன வெளியேறியது என்ற விவரத்துடன் உங்கள் மத்ஹபு ஆலிமிடம் கேளுங்கள். பெண் வெட்கப்பட்டால் கணவர் கேட்கட்டும்.

பரவலாக உள்ள ஒரு தவறையும் சொல்ல வேண்டும். "நாற்பது நாள் கழியட்டும்" என்று எல்லோரையும் தொழுகையிலிருந்து நிறுத்தி வைக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் 40, ஷாஃபி மத்ஹபில் 60 என்பது நிஃபாஸின் உச்ச வரம்பு, கட்டாயக் கணக்கு அல்ல. பத்தாம் நாள் இரத்தம் நின்றால் பத்தாம் நாளே குளித்துத் தொழ வேண்டும். துக்கத்தில் இருப்பவளுக்கு ஸஜ்தாவை விடப் பெரிய ஆறுதல் ஏது?

அடக்கம் செய்வது

கருவுக்கு ரூஹ் ஊதப்படுவது 120 நாளில் என்பது அறிஞர்களிடம் பரவலான கருத்து. இந்த 120 நாள் கரு உண்டானதிலிருந்து எண்ணப்படுவது. டாக்டர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவதால், அவர்கள் கணக்கில் இது சுமார் 19 வாரம்.

உருவம் எதுவும் தெளிவாகாத நிலையில் கலைந்தால் குளிப்பாட்டுவதோ ஜனாஸா தொழுவதோ இல்லை. ஒரு துணியில் சுற்றி மண்ணில் புதைப்பது நல்லது. உருவம் தெளிவாகி உயிரின் அறிகுறி இல்லாமல் பிறந்தால் குளிப்பாட்டி, துணியில் சுற்றி அடக்கம் செய்ய வேண்டும். ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளில் ஜனாஸா தொழுகை இல்லை. நான்கு மாதம் நிறைந்திருந்தால் தொழவைக்க வேண்டும் என்பது ஹன்பலி மத்ஹபு. அழுதோ அசைந்தோ உயிரின் அறிகுறி காட்டிவிட்டு இறந்தால் மற்ற மையித்தைப் போலவே எல்லாம் செய்ய வேண்டும். பெயர் வைப்பதும் நல்லதே.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. குறைமாதக் கருவை மருத்துவக் கழிவாகவே ஆஸ்பத்திரிகள் அப்புறப்படுத்தும். ஆகவே அடக்கம் செய்ய விரும்பினால் சிகிச்சைக்கு முன்பே டாக்டரிடமும் நர்ஸிடமும் சொல்லி வைக்க வேண்டும். ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். இரவு பத்து மணிக்கு ஒரு வாப்பா சின்னத் துணிப்பொதியுடன் மையவாடி வாசலில் வந்து நின்றால், அவரைக் கேள்வி கேட்டு அலைக்கழிக்காதீர்கள். குழந்தைகளுக்கென ஓர் ஓரத்தை ஒதுக்கி, ஒரு ஆளையும் துணைக்கு அனுப்புங்கள்.

ஆறுதல் சொல்லும் முறை

மகன் இப்ராஹீமைக் கையில் ஏந்தி நபி (ஸல்) அவர்கள் அழுதார்கள். தாங்களுமா அழுகிறீர்கள் என்று அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் வியந்து கேட்டபோது, இது இரக்கம் என்று பதில் சொன்னார்கள். கண் அழும், மனம் வருந்தும், ஆனால் இறைவன் விரும்பாததைப் பேச மாட்டோம் என்பதே அவர்கள் காட்டிய வழி. எனவே அழுவது ஸப்ருக்கு எதிரானது அல்ல. "அழாதே, ஈமான் இல்லையா?" என்று கேட்பது சுன்னத்தும் அல்ல.

"ஆரம்பத்திலேயே போனது நல்லதாப் போச்சு", "இன்னொண்ணு பெத்துக்கலாம்", "மூத்தது ரெண்டு இருக்குல்ல" என்ற பேச்சுகள் ஆறுதல் ஆகாது. அவள் இழந்தது இன்னொரு பிள்ளையை அல்ல, இந்தப் பிள்ளையை. "அல்லாஹ் உனக்கு இதற்கான கூலியைத் தரட்டும், நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டால் போதும். ஒன்றும் பேசத் தெரியாவிட்டால் பக்கத்தில் உட்காருங்கள், சமைத்துக் கொடுத்தனுப்புங்கள், மூத்த பிள்ளைகளை மதரஸாவுக்கு அழைத்துப் போங்கள். அவள் வேலைக்குப் போகிறவள் என்றால், சட்டப்படி கருச்சிதைவுக்குப் பின் ஆறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு என்பதை நினைவுபடுத்துங்கள்.

குறைமாதத்தில் இறந்த பிள்ளை, பொறுமை காத்த தாயைச் சொர்க்கத்துக்கு இழுத்துச் செல்லும் என்ற கருத்தில் இப்னு மாஜாவில் ஒரு ஹதீஸ் வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டு என்று அறிஞர்கள் சிலர் கூறியுள்ளனர். ஆயினும் உயிர்கள் இழப்பால் சோதிப்பேன், பொறுமையாளர்களுக்கு நற்செய்தி உண்டு என்று அல்லாஹ் குர்ஆனில் அளித்த வாக்கில் எந்தச் சந்தேகமும் இல்லை.

கணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கும் துக்கம் உண்டு, அதை மனைவியிடம் மறைக்க வேண்டாம். இருவரும் சேர்ந்து அழுத வீடு விரைவில் ஆறும். இரத்தம் நின்று குளிக்கும் வரை தாம்பத்தியம் கூடாது. அதன் பிறகும் அவள் மனம் தேறும்வரை பொறுங்கள். அடுத்த கர்ப்பம் எப்போது என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். இரண்டு, மூன்று முறை தொடர்ந்து கலைந்தால் சர்க்கரை, தைராய்டு முதலான பரிசோதனைகள் உண்டு. கணவருக்கும் சில பரிசோதனைகள் உண்டு. அதை விட்டுவிட்டு அவள் காதுபட இரண்டாம் திருமணப் பேச்சை எடுப்பது மனிதத்தன்மை அல்ல. வாரக்கணக்கில் தூக்கமின்றி, சாப்பாடின்றி, வாழவே பிடிக்கவில்லை என்று அவள் சொன்னால் அதை ஈமான் குறைவு என்று எண்ணாதீர்கள். அது நோயாக இருக்கலாம். டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கும்.

மவுத்து வீட்டுக்கு எப்படிப் போகிறோமோ அப்படி இந்த வீட்டுக்கும் போவோம். பழி சொல்லாமல், முடிவைப் பறிக்காமல், அவளுக்குத் துணையாக நிற்போம். பிள்ளையை இழந்த ஒவ்வொரு தாய்க்கும் தந்தைக்கும் அல்லாஹ் அழகிய பொறுமையையும் நிறைவான கூலியையும் தந்து, அவர்களின் இல்லங்களை ஸாலிஹான சந்ததிகளால் நிரப்புவானாக! ஆமீன்.